டிராம்போன் அழுவது எப்படி? பிக் பேண்ட் ஜாஸில் உணர்ச்சி உருவாகும் விதம்

1963 ஜனவரி 20 அன்று ஜாஸ் பேஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான சார்லஸ் மிங்கஸ் பதினொரு பேர் கொண்ட குழுவை வைத்து ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதை முதன்முறை கேட்பவர்களுக்கு மூன்று சந்தேகங்கள் வரும். டிராம்போன் மனிதக் குரலில் புலம்புகிறதே, எப்படி? எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே, இது எழுதி வைத்ததா, அங்கேயே தோன்றியதா? இத்தனை கூச்சலுக்கு நடுவில் துக்கமும் கோபமும் மட்டும் எப்படித் துல்லியமாக நம்மிடம் வந்து சேர்கின்றன?

பரிசோதனை ஜாஸ் குழுவான சன் ரா ஆர்க்கெஸ்ட்ராவின் சாக்ஸபோன் கலைஞர் மார்ஷல் ஆலன் 2024 மே மாதம் நூறு வயதைத் தொட்டு, 2025 பிப்ரவரியில் தன் பெயரில் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டது செய்தியானது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு அவருடைய 1960களின் பதிவுகளைத் தேடிப் போகிறவர்களுக்கும் இதே குழப்பம்தான் காத்திருக்கிறது.

“ஆவேசம் வந்து வாசிக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது விளக்கம் ஆகாது. இந்த இசையில் உணர்ச்சி மூன்று கைவேலைகளால் வருகிறது: சுரத்தை எவ்வளவு வளைப்பது, நாதத்தை எவ்வளவு கரகரப்பாக்குவது, தாளத்தில் எவ்வளவு பின்தங்குவது. இவை போதாது. ஒருவர் வளைக்கும்போது மற்றவர்கள் வளையாமல் நிற்க வேண்டும். பெரிய குழுவில் இந்த இரண்டாவது பாதியை ஏற்பாடு செய்வதுதான் கடினம். ‘பரிசோதனை’ என்று பெயர் வாங்கிய குழுக்கள் மண்டையை உடைத்துக்கொண்டதும் இங்கேதான்.

அடிப்படை: குழு, சுற்று, மனோதர்மம்

வழக்கமான பிக் பேண்டில் சுமார் பதினேழு பேர். ஐந்து சாக்ஸபோன் (மேல்ஸ்தாயியிலிருந்து கீழ்ஸ்தாயிக்கு: இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன்), நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பிறகு பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். கடைசி நால்வரை ரிதம் செக்‌ஷன் என்பார்கள். ஊதுகருவிகளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தலைவர் உண்டு. லீட் டிரம்பெட்டும் லீட் ஆல்டோவும் எப்படி ஊதுகிறார்களோ அப்படியே மற்றவர்கள் ஊத வேண்டும்.

புளூஸ் என்பது ஒரு பாட்டு வகை மட்டுமல்ல, ஒரு சுற்று. நான்கு அடி, அதாவது நான்கு தாள எண்ணிக்கை, சேர்ந்தால் ஒரு பார். பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு கோரஸ். மொத்தம் 48 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு கோரஸ் 24 விநாடியில் முடிந்துவிடும். 60 அடி வேகத்தில் 48 விநாடி. எத்தனை கோரஸ் வேண்டுமானாலும் சுற்றலாம்.

ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு கார்டு. எத்தனையாவது சுரத்தின் மேல் நிற்கிறதோ அந்த எண்ணே அதன் பெயர். அந்தப் பன்னிரண்டு பாருக்குள் கார்டுகள் மாறும் வரிசை இது. நம் சுரப் பெயரிலேயே சொல்கிறேன், ஷட்ஜத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டால் புரிவது எளிது:

1. பார் 1 முதல் 4 வரை: முதல் கார்டு. ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம்.
2. பார் 5, 6: நான்காம் கார்டு. மத்தியமம், சதுச்ருதி தைவதம், ஷட்ஜம், சாதாரண காந்தாரம்.
3. பார் 7, 8: மீண்டும் முதல் கார்டு.
4. பார் 9: ஐந்தாம் கார்டு. பஞ்சமம், காகலி நிஷாதம், சதுச்ருதி ரிஷபம், மத்தியமம்.
5. பார் 10 நான்காம் கார்டு. 11, 12 முதல் கார்டு.

இந்த வரிசையில் பல மாற்றங்கள் உண்டு. மைனர் புளூஸ் என்று தனி வகையே இருக்கிறது. ஆனால் எலும்புக்கூடு இதுதான். தனி வாசிப்பவர் இந்தச் சுற்றை மனதில் ஓடவிட்டு, மேலே மனோதர்மமாக, அதாவது அந்தக் கணத்துக் கற்பனையில், வாசிக்கிறார்.

ஒரே சுரம் இரண்டு இடத்தில்

புளூஸின் உணர்ச்சிக்கு ‘புளூ நோட்’ காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். காந்தாரம், பஞ்சமம், நிஷாதம் ஆகியவற்றைச் சற்றுக் கீழே இறக்கினால் புளூ நோட் என்பதோடு பெரும்பாலான விளக்கங்கள் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது.

மேற்கத்திய சுருதி முறையில் அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையிலான தூரம் 100 சென்ட். சாதாரண காந்தாரம் 300 சென்டில், அந்தர காந்தாரம் 400 சென்டில் இருக்கிறது. பியானோவால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தட்ட முடியும். புளூஸ் பாடகரும் டிராம்போன்காரரும் இரண்டுக்கும் நடுவில், சுமார் 350 சென்ட் பக்கம், நின்று மேலும் கீழும் சறுக்குகிறார்கள். எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது பாருக்குப் பார் மாறும்.

ஏன் மாறுகிறது என்று பார்ப்போம். முதல் நான்கு பார்களில் பின்னணிக் கார்டில் அந்தர காந்தாரம் இருக்கிறது. அதன் மேல் பாடகர் தாழ்ந்த காந்தாரத்தைப் பிடித்தால் இரண்டும் உரசும். அவர் பாடுவது பின்னணியோடு ஒட்டாத ஒரு சுரம். ஐந்தாம் பாரில் கார்டு மாறியதும் அதே தாழ்ந்த காந்தாரம் அந்தக் கார்டின் சொந்த உறுப்பாகிவிடுகிறது. மேலே பட்டியலைப் பாருங்கள்: நான்காம் கார்டின் கடைசிச் சுரம் சாதாரண காந்தாரம். பாடுபவர் எதையும் மாற்றவில்லை, தரை மாறியிருக்கிறது. முதல் நான்கு பாரில் முறையீடாகக் கேட்டது ஐந்தாம் பாரில் ஆறுதலாகக் கேட்கும்.

புளூஸ் பாடல்களில் முதல் வரியை அப்படியே இரண்டாம் முறை பாடுவதன் பயன் இதுதான். முதல் வரி பார் 1 முதல் 4 வரை. அதே சொற்கள் 5 முதல் 8 வரை. பதில் சொல்லும் மூன்றாம் வரி 9 முதல் 12 வரை. ஒவ்வொரு நான்கு பாரிலும் குரல் ஏறக்குறைய இரண்டு பார்தான் எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் கருவி பதில் சொல்லும். 1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாட லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் போன்ற கார்னெட்டில் பதில் சொல்லும் ‘செயின்ட் லூயி புளூஸ்’ பதிவில் இந்தப் பங்கீட்டைக் கைவிரல் விட்டு எண்ணலாம்.

ஐந்து பேர் சேர்ந்து வளைத்தால்

ஒரு பாடகர், ஒரு கருவி என்றால் சிக்கல் இல்லை. பிக் பேண்டில் அதே காந்தாரத்தை ஐந்து சாக்ஸபோன்களும் சேர்ந்து வளைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 340 சென்டில் நிற்பார், இன்னொருவர் 365இல். கேட்பவருக்கு அது ஏக்கமாகப் படாது, சுருதி சேராத வரிசையாகப் படும். இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன.

1. லீட் வாசிப்பவரை அப்படியே நகலெடுப்பது. இதற்கு ஆண்டுக்கணக்கில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்த குழு வேண்டும். பிக் பேண்ட் தலைவர் டியூக் எலிங்டனின் பாரிடோன் கலைஞர் ஹாரி கார்னி 1927 முதல் 1974 வரை அவரோடு இருந்தார். அந்தக் குழுவின் வரிசை நாதத்துக்கு இந்த நீடிப்பு ஒரு முக்கியக் காரணம்.
2. வளைவைத் தாளில் குறிப்பது. சுரத்துக்குக் கீழிருந்து அள்ளி ஏறுவது ஸ்கூப். முடிவில் சரிந்து விழுவது ஃபால். மேல்நோக்கி வீசி முடிப்பது டாய்ட். உதட்டால் உலுக்குவது ஷேக். ஃபால் எத்தனை அடியில் விழ வேண்டும் என்பதும் ஒத்திகையில் முடிவாகும். “மூன்றாம் அடியில் சத்தம் நிற்கணும்” என்று சொல்லாவிட்டால் நான்கு டிரம்பெட்டும் நான்கு நேரத்தில் விழும்.
3. வரிசையை வளைக்கவே விடாமல், தனி வாசிப்பவரை மட்டும் வளைக்க விடுவது. உணர்ச்சியைக் கூட்டுவதில் இதுதான் மூன்றிலும் வலுவானது. அசையாத ஐந்து பேருக்கு எதிரே 40 சென்ட் சறுக்கினால் தெளிவாகக் கேட்கும். எல்லாரும் சறுக்கும் இடத்தில் 40 சென்ட் காணாமல் போய்விடும்.

ரப்பர் கிண்ணமும் தொண்டையும்

இனி டிராம்போனின் அழுகைக்கு வருவோம். 1920களில் டியூக் எலிங்டன் குழுவில் டிரம்பெட் வாசித்த பப்பர் மைலியும், டிராம்போன் வாசித்த ஜோ ‘டிரிக்கி சாம்’ நாண்டனும் இதை ஒரு மொழியாகவே வளர்த்தார்கள். 1927 டிசம்பரில் எலிங்டன் குழு ஹார்லெமின் காட்டன் கிளப்பில் சேர்ந்தபோது அவர்களுடைய அடையாளமே இந்த உறுமல்தான். 1929இல் மைலி விலகியதும் கூட்டி வில்லியம்ஸ் அந்த நாற்காலிக்கு வந்து இதைக் கற்றுக்கொண்டார்.

உறுமலில் தனித்தனியாக நான்கு வேலைகள் நடக்கின்றன.

1. கருவியின் வாய்க்குள் ஒரு சிறிய நேர் மியூட்டை, அதாவது நாதத்தை அடக்கும் அடைப்பை, செருகுவது. இது நாதத்தை மெல்லியதாக, மூக்கால் பேசுவதுபோல ஆக்கும். அதன் மேல் கிண்ணம் மூடும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும்.
2. அதற்கு முன்னால் பிளஞ்சர். கழுவுதொட்டி அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணத்தில் கட்டையைக் கழற்றிவிட்டால் அதுதான் பிளஞ்சர். டிராம்போனுக்குப் பெரிய கிண்ணம், டிரம்பெட்டுக்குச் சிறியது. இசைத்தாளில் கூட்டல் குறி இருந்தால் மூடு, சிறு வட்டம் இருந்தால் திற. மூடும்போது மேல் அதிர்வெண்கள் அடங்கி ‘ஊ’ என்று கேட்கும். திறக்கும்போது அவை வெளியே வந்து ‘ஆ’ ஆகும். நம் வாய் உயிரெழுத்துகளைப் பிரிப்பதும் இதே வடிகட்டலால்தான். பேச்சுபோலக் கேட்பதற்குக் காரணம் கற்பனை அல்ல, ஒலியியல்.
3. வாய்க்குள் நாக்கை நகர்த்துவது. ‘ஈ’ நிலையிலிருந்து ‘ஆ’ நிலைக்கு நாக்கை இறக்கிக்கொண்டே கிண்ணத்தைத் திறந்தால் ‘யா’ கேட்கும். நாண்டனின் புகழ்பெற்ற ‘யா, யா’ இந்த வகை.
4. தொண்டையில் உறுமுவது, அல்லது ஊதிக்கொண்டே வேறொரு சுரத்தை முனகுவது. ஊதும் சுரமும் முனகும் சுரமும் மோதி நாதத்தின் வலிமை வேகமாகக் கூடிக் குறையும். அதுதான் காதுக்குக் கரகரப்பு.

நான்காவது அம்சத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒலியின் வலிமை விநாடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்கினால் அது காதில் முரடாக விழும். மனித அலறல்கள் இந்த எல்லையில்தான் இருக்கின்றன என்றும், சாதாரணப் பேச்சு இந்த எல்லையைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்றும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 233 ஹெர்ட்ஸ் சுரத்தை ஊதிக்கொண்டு 170 ஹெர்ட்ஸில் முனகினால் வித்தியாசம் 63. அலறலின் எல்லைக்குள் நேராகப் போய் நிற்கிறது. கேட்பவர் “இது டிராம்போன்” என்று அறிந்திருந்தாலும் உடம்பு அதற்கு முன்பே திடுக்கிட்டுவிடுகிறது.

தவறு நேரும் இடங்களும் இதே நான்கில் இருக்கின்றன. கிண்ணத்தை முழுக்க அழுத்தி மூடினால் காற்று அடைபட்டுச் சத்தமே செத்துவிடும். ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி வேண்டும். மூடியதும் சுருதி நகரும்; டிராம்போன்காரர் சறுக்குக் குழாயாலும் டிரம்பெட்காரர் உதட்டாலும் அந்தக் கணமே அதைச் சரிசெய்ய வேண்டும். முனகும் சுரம் ஊதும் சுரத்தோடு சுத்தமான பஞ்சம உறவில் அமைந்துவிட்டால் கரகரப்பு வராது, இனிமையான கார்டு வந்துவிடும். கோபமாக உறுமப் போய் பஜனை பாடியதுபோல ஆகிவிடும். தொண்டை உறுமல் நீண்ட நிகழ்ச்சிகளில் குரலைக் கெடுக்கும் என்பதால் பலர் நாக்கை ‘ர்ர்ர்’ என்று உருட்டும் ஃப்ளட்டர் முறையைப் பிடித்துக்கொள்வார்கள். அதன் நாதம் சீராக, கொஞ்சம் இயந்திரம்போல இருக்கும். உறுமலின் வலி அதில் பாதிதான் வரும்.

சாக்ஸபோனுக்குக் கிண்ணம் கிடையாது. அங்கே முனகல், ஒரே விரல் நிலையில் மேல் ஓவர்டோன்களை (அடிச்சுரத்துக்கு மேலே சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பிடிப்பது, குறுக்கு விரல் வைத்து இரண்டு மூன்று சுரங்களை ஒன்றாகக் கிளப்புவது ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. மார்ஷல் ஆலனின் கீச்சிடும் ஆல்டோ இந்த வழியில் வந்தது.

பின்தங்கும் முப்பது மில்லிவிநாடி

தாளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட முடிவின்படி, தனி வாசிப்பவர் அடியின் மேல் விழும் சுரங்களை ரிதம் செக்‌ஷனைவிடச் சுமார் 30 மில்லிவிநாடி தாமதமாக வாசித்தால் ஸ்விங், அதாவது ஜாஸ் தாளத்தின் ஊசலாட்ட உணர்வு, கூடுகிறது. அடிகளுக்கு நடுவில் விழும் சுரங்களோ நேரத்துக்கே விழுகின்றன. தேர்ந்த ஜாஸ் கலைஞர்களே கேட்டபோது “ஏதோ மாறுகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை” என்ற நிலைதான். இங்கும் அதே நிபந்தனை: பேஸும் டிரம்ஸும் நகராமல் நின்றால்தான் தாமதம் தாமதமாகக் கேட்கும். அவர்களும் கூடவே தளர்ந்தால் வேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

1940: ஏழு கோரஸில் ஒரு ஏற்றம்

இந்த உத்திகளையெல்லாம் ஒரே பதிவில் பார்க்க எலிங்டனின் ‘கோ-கோ’ போதும். 1940 மார்ச்சில் பதிவானது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் மைனர் புளூஸ். சிறிய முன்னுரைக்குப் பின் ஏழு கோரஸ்.

முதல் கோரஸில் ஹுவான் டிசோல் வால்வ் டிராம்போனில் கேட்க, சாக்ஸபோன்கள் பதில் சொல்லும். இரண்டும் மூன்றும் நாண்டனுடையவை: ரப்பர் கிண்ணத்துடன், மிகக் குறைந்த சுரங்களை வைத்துக்கொண்டு. நான்காவதில் எலிங்டன் பியானோவில், பின்னணிக்குப் பொருந்தாத சுரக் கூட்டங்களை வீசுவார். ஐந்தாவதில் டிரம்பெட்டுகள் மேலே ஏறும். ஆறாவதில் முழுக் குழுவும் கத்திவிட்டு நிறுத்த, அந்த இடைவெளியில் ஜிம்மி பிளாண்டனின் பேஸ் மட்டும் தனியாகக் கேட்கும். ஏழாவது முழுக் கூச்சல். பிறகு முன்னுரை திரும்பும்.

இங்கே மனோதர்மத்தின் பங்கு மிகச் சிறியது. நாண்டனின் இரண்டு கோரஸ், எலிங்டனின் ஒன்று, பிளாண்டனின் துண்டுகள். மற்றவை முன்பே அமைத்தவை. ஆனாலும் கேட்பவர் முழுவதையும் ஆவேசமாகவே உணர்கிறார். கோரஸுக்குக் கோரஸ் அடர்த்தியையும் சத்தத்தையும் ஒவ்வொரு படி ஏற்றியதுதான் காரணம். என்னைக் கேட்டால், பின்னால் வந்த பரிசோதனைக் குழுக்களில் பாதி இந்த மூன்று நிமிடத்தை இன்னும் தாண்டவில்லை.

இதற்கு நேர்மாறான உத்தியும் எலிங்டனிடமே இருக்கிறது. 1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், 1937இல் எழுதிய இரண்டு பகுதிப் படைப்புக்கு நடுவே டெனர் சாக்ஸ் கலைஞர் பால் கொன்சால்வெஸ் 27 கோரஸ் வாசித்தார். 324 பார். மற்ற ஊதுகருவிகள் அத்தனையும் கருவியை இறக்கி வைத்துவிட்டு வாயால் உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தன. அவர் உச்சஸ்தாயியில் அலறவில்லை. ஒரே சீரான நடையை விடாமல் பிடித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. பத்துப் பதினைந்து பேரை அவ்வளவு நேரம் சும்மா வைத்திருந்து பிறகு ஒன்றாக உள்ளே விட்டதில்தான் அடியின் பலம்.

மிங்கஸ்: எழுதாமல் எழுதியது

மிங்கஸ் எலிங்டனின் பக்தர். ‘பிளாக் செயின்ட்’ பதிவில் டிராம்போனில் புலம்புபவர் குவென்டின் ஜாக்சன். எலிங்டன் குழுவில் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதே பிளஞ்சர் வேலையைச் செய்தவர். ஆகவே முதல் சந்தேகத்துக்கான விடை ஒரு பரம்பரை: நாண்டனின் கைவேலை ஜாக்சன் வழியாக மிங்கஸிடம் வந்தது.

மிங்கஸ் செய்த மாற்றங்கள்:

1. பல சமயம் தாள் கொடுக்கவில்லை. பியானோவில் வாசித்தோ பாடியோ ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார். காதால் கற்ற சுரத்தில் வளைவும் சேர்ந்தே வரும். தாளில் படித்த சுரத்தில் வளைவைத் தனியே சேர்க்க வேண்டும். இதன் விலை ஒத்திகை நேரம்.
2. ஒருவர் தனி வாசிக்கும்போது மற்றவர்களின் பின்னணி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒரு குழு ஒரு துணுக்கைத் திரும்பத் திரும்ப ஊதும், அடுத்த குழு வேறொன்றை வேறு நீளத்தில் ஊதும். ஒவ்வொன்றும் எளியது, சேரும்போது கூட்டநெரிசல்.
3. வேகத்தையே உணர்ச்சிக் கருவியாக்கினார். 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் கடைசிப் பகுதியில் தாளம் மெல்ல வேகமெடுத்து, ஓடி, தாங்காமல் சரிந்து, மறுபடி தொடங்கும்.

மூன்றாவதைச் செய்வதுதான் ஆபத்து. பதினொரு பேர் ஒன்றாக வேகமெடுக்க மெட்ரோனோம் உதவாது. மிங்கஸின் பேஸும் டேனி ரிச்மண்டின் டிரம்ஸும் ஒரே ஆள்போல முடுக்க, மற்றவர்கள் பேஸின் தாக்கத்தையும் ரைடு தாளத்தட்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பித்தளைக் கருவிகள் முதலில் பின்தங்கும். ஒற்றை நாக்கு வீச்சில் விநாடிக்கு எட்டு ஒன்பது சுரத்துக்கு மேல் போவது பலருக்குக் கடினம். அந்த எல்லையில் நாக்கின் முன்னும் பின்னும் மாறி மாறித் தட்டும் இரட்டை நாக்குக்கு மாற வேண்டும், மாறும் இடத்தில் நாதம் தட்டும். அந்தத் தட்டுத்தடுமாறலையும் சேர்த்தே மிங்கஸ் வைத்துக்கொண்டார் என்றுதான் அந்தப் பதிவைக் கேட்கும்போது தோன்றுகிறது.

இரண்டாவது சந்தேகத்துக்கு, அதாவது எழுதியதா தோன்றியதா என்பதற்கு, இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சார்லி மரியானோவின் உருக்கும் ஆல்டோ வாசிப்பில் ஒரு பகுதி பிறகு மேல்பதிவாகச் சேர்க்கப்பட்டது. குழுவுக்கு அவர் பதில் சொல்வதுபோலக் கேட்கும் சில இடங்களில் குழு அவர் வாசித்ததைக் கேட்டிருக்கவே முடியாது. (இந்த மரியானோ பிற்காலத்தில் நாகஸ்வரம் கற்று வாசித்தவர். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவுடனும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியுடனும் ‘ஜோதி’ என்ற ஆல்பம் செய்திருக்கிறார். தாங்கிப் பிடித்து ஊதும் அந்த ஆல்டோவைக் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.)

எல்லாரும் சுதந்திரம் என்றால்

அடுத்த கட்டம் கார்டு வரிசையையும் கழற்றிவிடுவது. 1965 ஜூன் 28 அன்று சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பதினொரு பேருடன் பதிவு செய்த ‘அசென்ஷன்’ ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடுகிறது. அதிலும் ஓர் எலும்பு இருக்கிறது: முழுக் குழு, ஒரு தனி, முழுக் குழு, அடுத்த தனி என்று மாறி மாறி வரும். அந்த மாற்றம் இல்லாமல் நாற்பது நிமிடமும் எல்லாரும் வாசித்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் காது மரத்துப்போகும். தொடர்ந்த அலறலுக்கு மூளை பழகிவிடும். சுதந்திரக் குழுக்கள் தோற்கும் முதல் இடம் அதுதான்: எல்லாரும் உச்சத்தில் இருப்பதால் உச்சம் என்று ஒன்று இல்லாமல் போவது.

இதைச் சமாளிக்க மூன்று தலைவர்கள் மூன்று வழி கண்டார்கள்.

1. சன் ரா கைச்சைகையால் வெட்டினார். அவர் சைகை காட்டியதும் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்து அடர்ந்த கூச்சலாக வெடிக்கும். குழுவுக்குள் இதன் பெயர் ‘ஸ்பேஸ் கார்டு’. அடுத்த சைகையில் அறுபட்டு, ஒரு புல்லாங்குழலோ ஒரு மேளமோ மட்டும் மிஞ்சும்.
2. சார்லி ஹேடன் 1969இல் பதிவு செய்த லிபரேஷன் மியூசிக் ஆர்க்கெஸ்ட்ரா ஆல்பத்தில், 1968 சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டைப் பற்றிய பகுதியில் குழுவை இரண்டாகப் பிரித்து மோதவிட்டார். மாநாட்டில் பிரதிநிதிகள் எதிர்ப்புப் பாட்டுப் பாட, மேடை இசைக்குழு அதை அமுக்க உற்சாகப் பாட்டு வாசித்தது. கூச்சலுக்கு இங்கே பக்கங்கள் உண்டு. எது எதை அமுக்குகிறது என்று கேட்பவருக்குப் புரியும்.
3. புட்ச் மாரிஸ் 1985இல் ‘கண்டக்‌ஷன்’ முறையைத் தொடங்கினார். தாளில் எதுவும் இல்லை. கலைஞர்கள் வாசிப்பதை அவர் சைகைகளால் நீட்டுவார், திரும்பச் செய்வார், ஒருவரின் துணுக்கை இன்னொருவருக்குக் கொடுப்பார். உள்ளங்கையை மேலே காட்டி நீட்டினால் சுரத்தைப் பிடித்து நில். நெற்றியருகே கை வைத்து விரல் எண்ணிக்கை காட்டினால் இப்போது வாசித்ததை அந்த எண்ணில் நினைவில் வை. பிறகு அழைக்கும்போது அப்படியே திரும்பி வர வேண்டும். முன்பு யோசனையின்றி வந்த ஒரு முனகல் பத்து நிமிடம் கழித்து வேண்டுமென்றே திரும்பி வரும்போது அதற்கு வேறு கனம்.

மூன்றிலும் பொதுவான ஒன்றைக் கவனிக்கலாம். தனி மனிதரின் ஓசையைக் கட்டுப்படுத்துவதைக் கைவிட்டவர்கள், யார் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை மட்டும் கைவிடவில்லை.

மூளை ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

“ஜாஸ் வாசிக்கும்போது மூளையின் கட்டுப்பாட்டுப் பகுதி அணைந்துவிடுகிறது” என்ற வாசகம் இணையத்தில் சுற்றுகிறது. அதன் மூலம் சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு தொழில்முறை பியானோ கலைஞர்கள் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்தபடி, 35 கட்டை கொண்ட சிறிய விசைப்பலகையில் வாசித்தார்கள். மனோதர்மத்தின்போது தன்னைத்தானே கண்காணிக்கும் முன்மூளையின் பக்கப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது, நடுப்பகுதியில் கூடியது. இது முக்கியமான முடிவுதான். ஆனால் ஆறு பேர், தனியாக, பியானோவில். பதினேழு பேர் நடுவில் லீட் டிரம்பெட்டைப் பார்த்துக்கொண்டு, எட்டாவது பாரில் தன் பின்னணி வருகிறதா என்று எண்ணிக்கொண்டு வாசிப்பவரின் மூளையைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

நம் கேள்விக்கு அதிகம் உதவுவது ஜுஸ்லின், லவுக்கா இருவரும் 2003இல் செய்த தொகுப்பாய்வு. குரலில் உணர்ச்சி பற்றிய 104 ஆய்வுகளையும் இசை வாசிப்பு பற்றிய 41 ஆய்வுகளையும் ஒப்பிட்டு, இரண்டும் பெரும்பாலும் ஒரே குறிகளைப் பயன்படுத்துகின்றன என்று காட்டினார்கள். துக்கம்: மெதுவான வேகம், குறைந்த சத்தம், மேல் அதிர்வெண்கள் அடங்கிய நாதம். கோபம்: வேகம், சத்தம், மேல் அதிர்வெண்கள் கூடுதல். பிளஞ்சரை மூடுவதும் திறப்பதும் சரியாக இந்தக் குறிகளைத்தான் கையாள்கின்றன என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது சந்தேகத்துக்கான விடையில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது.

கேட்கும்போது எதைப் பிடிப்பது

1. முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். பன்னிரண்டு பார் சுற்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஐந்தாம் பாரில் தரை மாறுவது கேட்டால் அது புளூஸ்.
2. இரண்டு மூன்று கருவிகள் ஒரே தாள அமைப்பில் ஒன்றாக நகர்ந்தால் அது முன்பே அமைத்தது. சிறிய துணுக்கு ஒன்று விடாமல் திரும்பினால் அது மேடையிலேயே ஒருவர் தொடங்கி மற்றவர் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். கேன்சஸ் சிட்டிக் குழுக்கள், குறிப்பாகக் கவுண்ட் பேஸி குழு, இப்படித் தாளில்லாமலே முழு உருப்படிகளை உருவாக்கின.
3. ஒரே நாளின் இரண்டு பதிவுகள் கிடைத்தால் ஒப்பிடுங்கள். ‘அசென்ஷன்’ இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. இரண்டிலும் மாறாதது ஏற்பாடு, மாறியது மனோதர்மம்.
4. தனி வாசிப்பவர் உச்சத்துக்குப் போகும் கணத்தில் அவரை விட்டுவிட்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். முக்கால்வாசி நேரம் அவர்கள் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள், அல்லது நிறுத்தியிருப்பார்கள்.
5. நியூபோர்ட் 1956 பதிவை வாங்குவதாயிருந்தால் 1999க்குப் பிந்தைய வெளியீட்டைத் தேடுங்கள். கொன்சால்வெஸ் அன்று கொலம்பியா நிறுவனத்தின் மைக்கை விட்டுவிட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக் முன் வாசித்துவிட்டார். பழைய தட்டில் அவர் தூரத்தில் கேட்பார். 1999 வெளியீட்டில் இரண்டு நாடாக்களையும் இணைத்திருக்கிறார்கள்.
6. கைபேசி ஒலிபெருக்கியில் இந்த இசையை மதிப்பிட வேண்டாம். பேஸின் மிகக் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சிறிய ஒலிபெருக்கியில் அந்தப் பகுதியே வெளிவராது, பாரிடோன் சாக்ஸின் அடிச்சுரங்களும் மெலிந்துவிடும். மேலே இருக்கும் அலறல் மட்டும் மிஞ்சி, அது எதன்மேல் நின்று அலறுகிறது என்பது காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்ஃபோன் இருந்தாலே போதும்.